சுங்கைக்கு எதுகை மங்கு

சிலாங்கூரின் வடகோடியில், பேராக் மாநிலத்துக்கு எல்லைக்கோடாக ஓடும் பெர்ணம் ஆற்றை நெருங்கும் வட்டாரத்தில் இருக்கிறது சுங்கை ஆயர் தாவார். மாநிலச் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலில் முதல் எண் இந்த ஊரின் பெயருக்குத்தான். சுற்றிலும் செம்பனையும் தென்னையும். தெற்கே சிகிஞ்சான் பக்கம் போனால் நெல்வயல். இந்தப் பகுதியின் தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவர் மலாய்ப் பாடவேளையில் பந்துன் படிக்கிறார். தமிழ்ப் பாடவேளையில் செய்யுளும் மொழியணியும் படிக்கிறார். பந்துனில் ஓசை ஒத்த சொல்லை அடியின் கடைசியில் தேட வேண்டும். தமிழில் அதை அடியின் தொடக்கத்தில், அதுவும் இரண்டாம் எழுத்தில், தேட வேண்டும். பத்து வயதுப் பிள்ளை ஒரே நாளில் இந்த இரண்டு வேட்டைக்கும் போய்த் திரும்புகிறது.

பாட்டெழுத உட்காரும் எவருக்கும் முதலில் வரும் சிக்கல் சொல் கிடைக்காததுதான். பொருள் மனத்தில் இருக்கும், மெட்டு காதில் இருக்கும், முதல் அடி தாளில் இருக்கும். இரண்டாம் அடியைத் திறக்க ஒத்த ஓசையுள்ள ஒரு சொல் வேண்டும். அந்தச் சொல்லை எங்கே தேடுவது என்ற கேள்விக்கு மொழிக்கு மொழி விடை வேறு. ஏன் வேறாகிறது என்று பார்க்க, இரண்டு மொழிப் பாட்டும் பக்கத்துப் பக்கத்தில் கேட்கும் வடசிலாங்கூர் நல்ல இடம்.

பந்துனிலிருந்து தொடங்கலாம். நான்கு அடி, அடிக்கு ஏறத்தாழ எட்டிலிருந்து பன்னிரண்டு அசை, முதலடியும் மூன்றாமடியும் ஓர் ஓசையில் முடியும், இரண்டாமடியும் நான்காமடியும் வேறோர் ஓசையில் முடியும். முதல் இரண்டடிக்குப் 'பெம்பாயாங்' என்று பெயர், பின்னிரண்டு 'மக்சுட்'. சொல்ல வந்த கருத்து பின்னிரண்டில்தான் இருக்கும். முன்னிரண்டில் ஆறு, மீன், நெல், பழம் என்று ஏதோ ஒரு காட்சி. அந்தக் காட்சிக்கும் கருத்துக்கும் உறவு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பின்னால் வரும் சொல்லுக்கு ஓசை பிடித்து வைப்பது அதன் முதல் வேலை. நற்பண்பைக் குறிக்கும் 'பூடி' பின்னடியில் வர வேண்டுமென்றால், முன்னடியில் நெல்லைக் குறிக்கும் 'பாடி' வந்து காத்திருக்கும். சாப்பாட்டுக்கு 'மாக்கான்' என்றால் மீனுக்கு 'ஈக்கான்'. மலாய்க்காரர் கல்யாணப் பந்தலில் இரு தரப்பும் பந்துன் கட்டி மோதும்போது கை கொடுப்பவை இப்படி முன்கூட்டியே காதில் இணைந்து கிடக்கும் சோடிகள்தாம். 2020 டிசம்பரில் இந்தோனேசியாவும் மலேசியாவும் சேர்ந்து முன்மொழிந்த பந்துனை யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது.

இந்த வடிவத்துக்கும் கோல சிலாங்கூர்த் தோட்டங்களுக்கும் இடையே எதிர்பாராத ஓர் உறவு உண்டு. 1917-இல் மலாயாவிலேயே முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை நட்டவர் அன்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர். நட்ட இடம் இதே கோல சிலாங்கூர் மாவட்டத்துத் 'தென்னமரம்' தோட்டம். பெயரைக் கேட்டாலே அங்கே யார் வேலை செய்தார்கள் என்று தெரிந்துவிடும். அந்தத் தோட்டக்காரர் எழுதிய 'மலேசி' என்ற நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. நாவலில் தமிழ்த் தொழிலாளர்களும் வருகிறார்கள். ஆனால் பாட்டு என்று வரும்போது ஃபொக்கோனியே எடுத்துக்கொண்டது பந்துனைத்தான். பிரெஞ்சுக் கவிதையும் அடி முடிவில் ஓசை தேடுவது. அந்தக் காதுக்குப் பந்துன் உடனே பிடிபட்டிருக்கும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து வந்த தமிழ்ப்பாட்டில் ஓசை எங்கே ஒளிந்திருக்கிறது என்று அந்தக் காது தேடியிருக்குமா என்பது ஐயம்தான்.

தமிழ்ப்பாட்டில் அது இருக்கும் இடத்தைத் தொல்காப்பியமே சொல்லிவிட்டது. மோனை, எதுகை, முரண், இயைபு என்று தொடையை அடுக்கி, அவற்றின் விரிவைக் கணக்கிட்டுப் பதின்மூவாயிரத்துக்கும் மேல் கொண்டு போகிறது செய்யுளியல். எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். நடைமுறையில் பாட்டுக் கட்டுபவருக்குத் தேவை மூன்று. முதலெழுத்து ஒத்தால் மோனை. இரண்டாம் எழுத்து ஒத்தால் எதுகை. அடியின் முடிவு ஒத்தால் இயைபு. இவற்றில் எதுகைக்கு ஒரு நிபந்தனை: முதலெழுத்துகளின் அளவும் ஒத்துப்போக வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். பட்டுக்குக் கட்டு எதுகை, பாட்டு எதுகையாகாது. பாட்டுக்குக் காட்டு, வீட்டு, கேட்டு என்று நெடில் கூட்டம் தனி. முதலெழுத்துக்கும் ஒத்த எழுத்துக்கும் நடுவே ய், ர், ல், ழ் புகுந்தால் அதைக் கண்டுகொள்ளாமல் விடலாம். அதற்கு ஆசெதுகை என்று பெயர். காத்து என்பதற்கு வாழ்த்து எதுகையாவது அப்படித்தான்.

மூன்றாவதான இயைபு மரபுக் கவிதையில் ஏன் இளைத்துப்போயிற்று? மலாய்க்காரருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் அதுதானே உயிர்?

விடை சொல்லின் கட்டுமானத்தில் இருக்கிறது என்று தோன்றுகிறது. தமிழில் வேர்ச்சொல் முன்னால் நிற்கும். காலமும் இடமும் எண்ணும் வால்போல் பின்னால் ஒட்டிக்கொண்டே போகும். பாடினேன், பாடுகிறாள், பாடுவார்கள்: தலை ஒன்று, வால் மூன்று. வால்கள் எல்லாச் சொல்லுக்கும் பொது என்பதால் அடி முடிவில் ஓசை ஒப்பது தமிழில் இலவசம். வந்தான், தின்றான், ஓடினான், மறந்தான் என்று பகல் முழுக்க அடுக்கலாம். அதில் கவிஞரின் உழைப்பு என்ன இருக்கிறது? மலாயில் நிலைமை பெருமளவு தலைகீழ். மாக்கான், டிமாக்கான், தெர்மாக்கான்: முன்னொட்டுதான் மாறுகிறது, வேர் கடைசியில் நிற்கிறது. பின்னொட்டே கிடையாது என்பதில்லை. 'கான்', 'ஆன்', 'ஈ' என்று சில உண்டு. ஆனாலும் மலாய் அடியின் கடைசி அசையில் பெரும்பாலும் வேர்ச்சொல்லின் சதை இருக்கும். ஓசை ஒப்புமை வேரில் விழுந்தால்தான் கேட்பவருக்கு அதில் ஒரு வியப்பு. மலாய் கடைசியில் தேடுவதற்கும் தமிழ் தொடக்கத்தில் தேடுவதற்கும் அடிப்படை இதுதான் என்று வாதிடலாம்.

வாதத்துக்குச் சான்று வேண்டுமென்றால் அக்கம்பக்கத்து மொழிகளைக் கேட்கலாம். தெலுங்கு, கன்னடச் செய்யுள் மரபில் 'ப்ராசம்' என்பது அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒத்து வருவது. நம் எதுகையின் உடன்பிறப்பு. மலையாளத்தில் இது ஒரு பெரும் சண்டையாகவே வெடித்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, இரண்டாம் எழுத்து ஒத்தே ஆக வேண்டும் என்று கேரளவர்ம வலியகோயித் தம்புரான் ஒருபுறம் நிற்க, அது கவிதையின் கழுத்தை நெரிக்கிறது என்று மருமகன் ஏ. ஆர். ராஜராஜவர்மா மறுபுறம் நின்றார். வேர் முன்னும் ஒட்டு பின்னுமாக அமையும் நான்கு திராவிட மொழிகளும் ஒரே இடத்தில் ஓசையைத் தேடியது தற்செயலாகத் தெரியவில்லை.

எதிர்ச்சான்றும் இருக்கிறது. துருக்கி மொழியும் தமிழ்போலவே வால்களை அடுக்கிக்கொண்டு போவது. ஆனால் துருக்கிக் கவிதை அடி முடிவில்தான் ஒலிக்கிறது. அங்கே என்ன செய்கிறார்கள் என்பது சுவையானது. அடிதோறும் திரும்பத் திரும்ப வரும் ஒட்டையும் சொல்லையும் 'ரெதிஃப்' என்று தள்ளி வைத்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் வேரில் ஒக்கும் ஓசைக்குத்தான் 'காஃபியே' என்ற மதிப்பு. கஜல் கேட்பவர்களுக்கு ரதீஃப், காஃபியா பழக்கமான சொற்கள். வாலை எண்ணிக்கையில் சேர்க்காதே என்ற விதி அங்கேயும் உண்டு. வாலை அறுக்காமல் தாண்டிப் போகிறார்கள், அவ்வளவே.

வேட்டை எங்கே என்று தெரிந்தபின் அதற்குரிய கருவி வேண்டும். ஓசைப்படி சொல் தொகுப்பது உலகில் பழைய தொழில். சீனத்தில் 'சியே யுன்' என்ற ஓசை அகராதி 601-இலேயே தொகுக்கப்பட்டுவிட்டது. ஆங்கிலத்தில் ஜான் வாக்கரின் அகராதி 1775-இல் வந்தது. சொல்லின் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி அடுக்கியது. தமிழில் இந்த வேலையைச் செய்தவை நிகண்டுகள். 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் பன்னிரண்டு தொகுதிகள். பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வது. அதில் சொற்கள் நின்ற வரிசை இரண்டாம் எழுத்தின் வரிசை: ககர எதுகை, ஙகர எதுகை என்று தொடங்கி னகர எதுகை வரை. முழுவதும் விருத்தம். நான்கடியும் ஒரே எதுகையில் தொடங்க வேண்டிய யாப்பில் அகராதி எழுதினால், ஒரே எதுகைச் சொற்களை ஓரிடத்தில் திரட்டுவது எழுதுபவருக்கும் வசதி, மனப்பாடம் செய்பவருக்கும் வசதி. திண்ணைப்பள்ளியில் இதை உருப்போட்ட பிள்ளைக்குச் சொல்லின் பொருளோடு அதன் எதுகைக் குடும்பமும் சேர்ந்தே வாய்க்குள் போயிற்று.

சிதம்பரம் ரேவணசித்தர் 1594-இல் செய்த அகராதி நிகண்டு முதலெழுத்து வரிசைக்கு வழி திறந்தது. இன்று நாம் புழங்கும் எல்லா அகராதிக்கும் அந்த வரிசைதான். தேடுவதற்கு எளிது, மறுப்பில்லை. பாட்டெழுதுபவருக்கோ அது பாதி உதவிதான். மோனை கிடைக்கும், எதுகை கிடைக்காது. மோனையும் முழுதாகக் கிடைக்காது. அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். மெய்யில் சகரத்துக்குத் தகரம், ஞகரத்துக்கு நகரம், மகரத்துக்கு வகரம் துணை. அகராதியிலோ இகரம் ஒரு மூலையில், ஏகாரம் வேறொரு மூலையில்.

இந்தக் குறையை நன்றாக உணர்ந்தவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர். 1732-இல் முடித்த சதுரகராதியை நான்காகப் பிரித்தார்: பெயர், பொருள், தொகை, தொடை. நான்காவதான தொடையகராதி பாட்டுக் கட்டுபவருக்கென்றே எதுகைச் சொற்களைத் திரட்டித் தருவது. அவருக்கு இது ஏன் தோன்றிற்று என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அவருடைய தேம்பாவணியில் 3,615 பாடல்கள். பாட்டுக்கு நான்கு அடி என்றால் 14,460 அடித் தொடக்கங்கள். நான்கு நான்காக எதுகை ஒத்தாக வேண்டும். தாய்மொழியாகப் பிறக்காத மொழியில் இந்த வேலைக்கு இறங்கியவர், நினைவை மட்டும் நம்பியிருக்க மாட்டார்.

அதே நூற்றாண்டில் நிகண்டும் தெரியாமல், எழுத்தும் தெரியாமல் பாட்டுக் கட்டியவர்கள் கோடிப்பேர். அவர்களின் பேரன் பேத்திகள்தாம் பின்னால் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்கு வந்தார்கள். 1938-இல் இந்திய அரசு தடை போடும் வரை கங்காணிகள் ஆள் கட்டிக் கொண்டுவந்தபடி இருந்தார்கள். கொண்டுவந்த மூட்டையில் தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் தெம்மாங்கும் இருந்தன. வந்த இடத்தில் புதுச்சொற்கள் காத்திருந்தன. கித்தா (ரப்பர்), லயம், பெரட்டு (காலை ஆள்கணக்கு), மங்கு, மண்டோர் (மேற்பார்வையாளர்), கிராணி, துரை, சடக்கு (சாலை), தவுக்கே (முதலாளி). பழைய மெட்டுக்குள் இந்தப் புதுச்சரக்கை ஏற்ற வேண்டும் என்றால் ஒவ்வொன்றுக்கும் எதுகை பிடிக்க வேண்டும்.

பிடிபட்டதா என்று ஒரு சோதனை. பால்மரத்தில் கட்டும் கிண்ணம் மங்கு. பால் வடிந்துகொண்டிருக்கும்போது மழை வந்தால் அன்றைய பாடு போச்சு. மங்கில் தண்ணீர்தான் மிஞ்சும். இந்தக் கட்டுரைக்காகவே கோத்த இரண்டு அடிகளில் அதைச் சொல்லிப் பார்க்கலாம்:

மங்கு நெறஞ்சிருச்சு, மழையும் வந்துருச்சு,
எங்க ஒதுங்குறது, இனி என்ன பண்ணுறது.

முதலடியில் மங்கும் மழையும் மோனை. இரண்டாமடியில் எகரமும் இகரமும் இன மோனை. அடி முடிவில் இருச்சு–உருச்சு, குறது–ணுறது என்று வால்கள் தாமாகவே ஒத்துவிட்டன. அவற்றைத் தேட ஒரு நொடிகூடச் செலவாகவில்லை. நேரம் எடுத்தது மங்குக்கும் எங்கவுக்கும் உள்ள உறவுக்குத்தான். சங்கு, பங்கு, நுங்கு, தங்கம், சங்கடம், அங்காளம்மன் எல்லாம் வரிசையில் நின்றன. அங்காளம்மனை எடுத்திருந்தால் பாட்டு வேண்டுதலாகப் போயிருக்கும். பங்கை எடுத்திருந்தால் கூலிச் சண்டையாகியிருக்கும். பாட்டு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் எதுகைக்கும் ஓர் ஓட்டு உண்டு.

ரப்பருக்குக் கப்பல் எதுகை. தோட்டத்துப் பாட்டில் இந்த இரண்டும் ஒன்றையொன்று தேடிப் போக வரலாறே வழி விட்டிருந்தது. 1926-இல் ஓடத் தொடங்கி 1973 வரை தமிழகத்துக்கும் மலாயாவுக்கும் இடையே ஆள் ஏற்றிய 'ரஜுலா' கப்பலைப் பழையவர்கள் இன்றும் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள். பிறகு ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். எதுகைக் குடும்பமே மாறிப்போயிற்று. செம்பனைக்குத் தம்பி, கம்பு, கொம்பு, நம்பி, வெம்பி. எல்லாவற்றுக்கும் மேல் சம்பளம். செம்பனையும் சம்பளமும் எதுகையாவதோடு சகரத்தில் வருக்க மோனையும் போட்டுக்கொள்கின்றன. மலாய் ஊர்ப்பெயர்கூட விலக்கில்லை. சுங்கை என்றதும் மங்கை, கங்கை, தங்கை, நங்கை எல்லாம் ஓடி வந்துவிடும். சுங்கை பூலோ, சுங்கை பட்டாணி, சுங்கை சிப்புட் என்று இந்த நாட்டில் பாதி ஊர் அந்தச் சொல்லில் தொடங்குவதால் ஊர்ப்பாட்டு எழுதுபவர்களுக்குக் கொண்டாட்டம்.

வாய்மொழிப் பாட்டுக்காரருக்கு ஏட்டுப் புலவரைவிட ஒரு சலுகை அதிகம். நிகண்டில் ரகர எதுகை ஒரு பகுதி, றகர எதுகை வேறு பகுதி. கரைக்குத் திரை எதுகை, அறை எதுகையாகாது. ஆனால் பெரும்பாலோரின் பேச்சில் இந்த இரண்டும் ஒரே ஒலி. எழுதப் படிக்காத பாட்டிக்குக் கரையும் அறையும் கச்சிதமான சோடி. லகர, ளகர, ழகரமும் அப்படித்தான்: பேச்சில் ழகரம் ளகரமாகிவிட்டால் வாளிக்குத் தாழி சோடி சேர்ந்துவிடும். படித்தவர் பிழை என்று அடிக்கோடிடும் இடத்தில் காது பிழை காண்பதில்லை. கண்ணால் பார்க்கும் எதுகையும் காதால் கேட்கும் எதுகையும் பிரிந்த இடம் இது. நாட்டுப்பாடலைத் தொகுத்து அச்சில் ஏற்றும்போது எழுத்தைத் திருத்திவிட்டால் அந்தச் சோடி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

மோனையில் மட்டும் புலவரும் பாட்டியும் ஒத்துப்போகிறார்கள். இலக்கணம் இகரத்தையும் எகரத்தையும் ஓர் இனமாக்கியது; உகரத்தையும் ஒகரத்தையும் ஓர் இனமாக்கியது. பேச்சில் இலை எலையாகிறது, உடம்பு ஒடம்பாகிறது. யாப்பிலக்கணம் வகுத்த இனங்களுக்குள்ளேயேதான் நம் நாக்கும் வழுக்குகிறது.

இந்தக் காதுப்பழக்கம் பள்ளியில் இன்னொரு வேடத்தில் தொடர்கிறது. மலேசியத் தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டத்தில் 'இணைமொழி' என்று ஒரு பகுதி உண்டு. ஆண்டுதோறும் சில இணைமொழிகளைப் பொருளோடு படித்து வாக்கியத்தில் அமைக்க வேண்டும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அதைப் பொருள் பாடமாகவே பார்க்கிறார்கள். ஓசையைக் கவனித்தால் அது வேறு கதை. சுற்றும் முற்றும், அன்றும் இன்றும்: எதுகை. அரைகுறை: காதுக்கு மட்டும் எதுகை. கள்ளங்கபடு, குண்டுங்குழியும், தங்குதடை: மோனை. ஏழை எளியவர், ஆதி அந்தம்: இன மோனை, இலக்கணம் வகுத்தபடியே. தமிழ் தானாகவே சோடி சேர்த்து வைத்திருக்கும் ஓசைக் களஞ்சியம் அது. இணைமொழிப் பாடத்தையும் எதுகை மோனைப் பாடத்தையும் ஒரே வகுப்பில் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால், பந்துனுக்கு மலாய் ஆசிரியர் சோடிச்சொல் தேடச் சொல்வதுபோலத் தமிழிலும் பிள்ளைகளைத் தேட விடலாம்.

அச்சேறிய மலேசியக் கவிதை வேறு தடத்தில் போயிற்று. யாழ்ப்பாணம் சதாசிவ பண்டிதரின் சிங்கை நகர் அந்தாதியும் சித்திரகவிகளும் 1887-இல் வந்தவை. அந்த ஆண்டில் தொடங்கி 1987 வரையிலான நூறாண்டுக் கவிதைகளைத் திரட்டி முரசு நெடுமாறன் 1997-இல் மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தைக் கொண்டுவந்தார். சிலாங்கூரின் கேரித் தீவுத் தோட்டத்தில் பிறந்து ஆசிரியரானவர். குழந்தைப் பாடல்களில் ஓசைக்குப் பேர்போனவர். 1924-இல் தொடங்கி 2019-இல் நின்ற தமிழ் நேசன் போன்ற நாளிதழ்கள் மரபுக் கவிதைக்கு இடம் கொடுத்து, தோட்டத்துக் கவிஞர்களுக்கு யாப்பு கற்கும் ஆசையை வளர்த்தன.

மெட்டு முதலில் வந்து சொல் பின்னால் வரும் திரைப்பாட்டு, ஓசையின் இடத்தை அசைத்தது. தத்தகாரம் கையில் கிடைத்தால் சொற்கட்டு அதற்குள் அடங்க வேண்டும். மெட்டின் சிறு வாக்கியம் ஒவ்வொன்றும் ஒரு நீண்ட சுரத்தில் போய் இளைப்பாறும். கேட்பவரின் காதும் அங்கேயே தங்கும். அங்கே ஒலிப்பது சொல்லின் கடைசி என்பதால் இயைபுக்கு மறுவாழ்வு கிடைத்தது. கவிஞர் வாலி இதில் விளையாடித் தீர்த்தார். வால்களை மட்டும் நம்பி எழுதியவர்களின் பாட்டு அலுத்துப்போனதற்கும் மேலே சொன்ன காரணம்தான்: இலவசமாகக் கிடைக்கும் ஓசைக்கு யார் காது கொடுப்பார்? தேர்ந்த பாடலாசிரியர் வினையில் முடிக்காமல் பெயரில் முடிப்பார். அப்போது கடைசியிலும் வேர் வந்து நிற்கும்.

மலேசியத் தமிழ் ராப்பில் இந்த இழுபறி இன்னும் வெளிப்படை. யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' தொகுப்பு 2006-இல் வந்து தமிழ்நாட்டிலும் அலை எழுப்பியது. ராப் என்பது அடி முடிவில் ஓசையை அடிக்கும் அமெரிக்க வடிவம். தமிழைத் தூக்கி அதில் வைத்தால் வால்கள் வந்து அடைத்துக்கொள்ளும். தப்பிக்க வழி இரண்டு: அடி முடிவில் வாலில்லாத பெயர்ச்சொல்லையோ மலாய், ஆங்கிலச் சொல்லையோ நிறுத்துவது, இல்லையென்றால் அடி நடுவே எதுகையைக் கொட்டி, முடிவைச் சும்மா விடுவது. நம் கோயில் ஊர்வலங்களில் உறுமி மேளக் குழுக்கள் பாடுவது இரண்டாவது வழிக்கு நெருக்கம். அடியின் தொடக்கத்தில் மேளம் விழும்போது எதுகையும் அங்கேயே விழுந்தால்தான் கூட்டம் கூடவே பாடும்.

கணினி இந்த வேட்டைக்குப் புதுத் துணை. அது தமிழில் எளிதாக வந்துவிடவில்லை. முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு மென்பொருளை உருவாக்கி மலேசியாவைத் தமிழ்க் கணிமையின் வரைபடத்தில் வைத்தார். தந்தை பாட்டுக்கு, மகன் எழுத்துக்கு. எழுத்தைத் தட்டுவது ஒன்று, எதுகையைக் கண்டுபிடிப்பது வேறு. யூனிகோடில் மங்கு என்ற சொல் ஐந்து குறியீடு: ம, ங, புள்ளி, க, உகரக் குறி. நமக்கோ அது மூன்றெழுத்து. 'இரண்டாம் குறியீடு எது' என்று கணினியைக் கேட்டால் ங என்று சொல்லும். நமக்கு வேண்டியது ங். கொடி என்ற சொல்லில் இரண்டாம் குறியீட்டைக் கேட்டால் ஒகரக் குறி வந்து நிற்கும். எழுத்தைப் பிரிக்கத் தெரிந்தபின்தான் குறில் நெடில் பார்க்க முடியும், பிறகுதான் எதுகை.

அந்த வேலையைச் செய்து முடித்தவர்கள் இருக்கிறார்கள். வினோத் ராஜன் ஆக்கிய 'அவலோகிதம்' கொடுத்த செய்யுளை அசை, சீர், தளை என்று பிரித்துத் தொடையையும் காட்டும். அது எழுதி முடித்ததைச் சோதிப்பது. எழுதும்போதே உதவுவது 'எமோனி'. பாடலாசிரியர் மதன் கார்க்கியின் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய இந்தச் செயலியில் ஒரு சொல்லைக் கொடுத்தால் அதற்கு எதுகை, மோனை, இயைபுச் சொற்கள் வந்து விழும். தொடையகராதி திரைக்குள் வந்துவிட்டது என்று சொல்லலாம்.

எந்தக் கருவியும் தன்னிடம் உள்ள சொற்களுக்குள்தான் தேடும். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக 1,04,405 சொற்களோடு வந்தது. 1939-இன் இணைப்பு மேலும் 13,357 சொற்களைச் சேர்த்தது. அந்தக் கடலில் வலை வீசினாலும் தோட்டத்துத் தமிழின் மலாய்க் கலப்புச் சொற்கள் சிக்குவது அரிது. சுங்கை ஆயர் தாவாரில் உட்கார்ந்து பாட்டெழுதுபவருக்கு அவற்றுக்கென்று ஒரு சிறு தொடையகராதி வேண்டும். இரண்டாம் எழுத்து வரிசையில், ரகரத்தையும் றகரத்தையும் விரும்பினால் சேர்த்தும் விரும்பினால் பிரித்தும் பார்க்கும் வசதியோடு. சடக்குக்கு வடக்கு, அடக்கு, மடக்கு, முடக்கு. மண்டோருக்குக் கண்டோர், விண்டோர், உண்டோர். லயத்துக்குப் பயம், நயம், சுயம். கித்தாவுக்குப் பித்து, கத்தி, பத்து, சொத்து, முத்து என்று ஒரு நீண்ட வரிசை. துரைக்குக் கரை, திரை, நுரை, தரை.

சிரமம் தருவது கிராணிதான். தோட்ட அலுவலகத்தில் உட்கார்ந்து பெரட்டுக் கணக்கும் கூலிக் கணக்கும் எழுதிய அந்தப் பதவிக்கு, ராகாரம் இரண்டாவதாக வரும் குறில் தொடக்கச் சொற்கள் தமிழில் ஒப்பீட்டளவில் குறைவு. பராரி இருக்கிறது, முராரி இருக்கிறது. இரண்டும் கடைசியெழுத்தில் விலகிப்போகின்றன. முதலெழுத்து தவிர மற்ற எல்லாம் ஒத்து வருபவை பிராணி, திராணி போன்ற ஒருசிலதான். முதலெழுத்து அகராதியில் கிராணியும் இவையும் ககரத்திலும் பகரத்திலும் தகரத்திலுமாகத் தூரத் தூர நிற்கும். இரண்டாம் எழுத்து வரிசையில் அடுத்தடுத்து வந்துவிடும். அதற்குமேல் பாட்டுக் கட்டுபவர் பாடு, கிராணி பாடு.